திப்புவின் வாளும் திப்புவின் ஏடுகளும்

அரபு அணியிலக்கணம் பயிலும் மாணவன் முதற்கண் கற்பது, கூற்று இருவகைப்படும் என்பதாகும். மெய் என்றோ பொய் என்றோ சொல்லத்தக்கது 'கபர்'. அவ்வாறு சொல்லவியலாதது 'இன்ஷா'. "மழை பெய்தது" என்பது கபர், "மழை பெய்யாதா!" என்பது இன்ஷா. சரித்திர நாவலோ இவ்விரண்டில் எதிலும் முழுமையாக அடங்காத பிறவி. கற்பனையென்று தொடங்கிச் செய்தியாகவே வாசகர் நெஞ்சில் தங்கிவிடும். அதனை நடித்துக் காட்டும்போது இம்மயக்கம் பன்மடங்காகிறது. இதற்குத் தக்க சான்று, 'திப்பு சுல்தானின் வாள்' என்னும் தொலைக்காட்சித் தொடர்.

பகவான் கித்வானி ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1976இல் வெளிவந்தது. அதனைச் சஞ்சய் கான் தொடராக்கித் தாமே திப்புவாக நடித்தார்; நவ்ஷாத் இசையமைத்தார். 1989 பிப்ரவரி 8ஆம் நாள் மைசூர்ப் படப்பிடிப்பு நிலையத்தில் மூண்ட தீயில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சஞ்சய் கானும் கடுந்தீக்காயமுற்றார். இத்துணை உயிர்களை விலையாகக் கொண்ட படைப்பு 1990இல் தூர்தர்ஷன் திரைக்கு வந்தது. அதற்கு எதிர்ப்பு எழுந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முடிவில், இது கற்பனைக் கதை, திப்புவின் வாழ்வோடும் ஆட்சியோடும் இதற்குத் தொடர்பில்லை என்னும் பொருள்பட ஓர் அறிவிப்புடன் ஒளிபரப்பாயிற்று.

இவ்வறிவிப்பைச் சற்றே சிந்திக்க வேண்டும். பெயர் திப்பு, தந்தை ஹைதர் அலி, தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம், களத்தில் வீழ்ந்த நாள் 1799 மே 4. ஆயினும் இது அவர் கதையன்றாம்! எதிர்த்தோர் அறிவிப்பைப் பெற்றதோடு அமைந்தனர். நம்மவரோ அறிவிப்பைக் காதில் வாங்காமல், கண்டதெல்லாம் சரித்திரமென்று மகிழ்ந்தனர். இத்தொடர் ஒரு மனிதரைக் காட்டிற்றா என்னும் கேள்வியை இரு சாராரும் கேட்கவில்லை. திறனாய்வு தொடங்க வேண்டிய இடமோ அதுவே.

தொடரின் சிறப்பை முதலில் சொல்லிவிடுவோம். ஹைதர் அலியாக ஷாபாஸ் கான் நடித்த பகுதிகளே இதன் உயிர்நிலை. எழுதப் படிக்க அறியாத ஒரு படைவீரன் தன் நினைவாற்றலாலும் துணிவாலும் ஓர் அரசையே கைக்கொண்ட வரலாறு அது. அந்தத் தந்தைக்குக் கோபமும் தந்திரமும் உண்டு. ஆகவே உயிரும் உண்டு. மகன் அரியணை ஏறியபின் அவ்வுயிர் தளர்கிறது. திப்பு தவறு செய்வதில்லை, தடுமாறுவதில்லை, வாய் திறந்தால் வீரவுரையே வருகிறது. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவனை வேண்டியது. நாவல் வேண்டுவதோ நம்மைப்போல் குறையுடைய மனிதனை. நாவலாசிரியர் தம் தலைவர்மீது கொண்ட அன்பால் அவரைக் காப்பியத்தின் பக்கம் சாய்த்தார்; தொடரோ அவரை முழுவதும் அங்கேயே கொண்டு நிறுத்திற்று.

உண்மைத் திப்பு இதனினும் சுவையானவர். அவரை அறிய நாம் பகைவரை மட்டும் நம்ப வேண்டியதில்லை. கம்பெனி அதிகாரியான மார்க் வில்க்ஸ் எழுதிய வரலாறு வென்றவர் பக்கச் சாட்சி. அவ்வரசவையில் பணியாற்றிய கிர்மானி பாரசீகத்தில் எழுதிய 'நிஷானே ஹைதரி' உப்பிட்டவர் சாட்சி. இரண்டுக்கும் மேலாகத் திப்புவின் கையெழுத்தே இருக்கிறது. 1785 முதல் 1798 வரை தாம் கண்ட 37 கனவுகளைத் தம் கைப்பட எழுதிவைத்த பாரசீக ஏடு அரண்மனையில் அகப்பட்டது. இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. ஒரு கனவில் அழகிய இளைஞன் ஒருவன் வருகிறான். பார்த்தால் ஆணுடை தரித்த பெண். மராட்டியர் படை இத்தகையதே என்று தாமே அதற்கு விளக்கமும் எழுதிக்கொள்கிறார். பகலில் எவருக்கும் அஞ்சாத சுல்தான், இரவில் தம் அச்சத்துக்கு விடை தேடும் காட்சி இது. எந்த வாட்போர் இதற்கு ஈடாகும்?

1811இல் கிர்க்பாட்ரிக் மொழிபெயர்த்து வெளியிட்ட கடிதங்களில் இன்னொரு திப்பு தோன்றுகிறார்: மஸ்கத்திலுள்ள தம் அலுவலருக்குப் பட்டுப்புழு அனுப்பும்படி எழுதுபவர், சிறு பிழைக்கும் அதிகாரிகளைச் சினந்து கடிபவர். ஆண்டுக்கணக்கையும் நாணயப் பெயர்களையுமே மாற்றியமைத்த ஓயாத மனம் அது. 1791இல் மராட்டியப் படையால் சிருங்கேரி மடம் சூறையாடப்பட்டபோது, மடாதிபதிக்கு மரியாதையுடன் கன்னடத்தில் எழுதிப் பொருளுதவி செய்ததும் அந்த மனமே. அக்கடிதங்களை 1916இல் மைசூர்த் தொல்லியல் துறை இயக்குநர் நரசிம்மாச்சார் கண்டெடுத்தார்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. குடகிலும் மலபாரிலும் கிளர்ந்தெழுந்தோரைச் சிறைபிடித்து மதம் மாற்றிய செய்தியும் அவர் கடிதங்களிலேயே இருக்கிறது. மார்க்கத்தில் நிர்ப்பந்தத்தை நம் வேதம் விலக்கியிருக்க, இதற்கு நாம் சமாதானம் தேட வேண்டியதில்லை. சிருங்கேரிக்கு எழுதிய கையும் குடகில் ஆணையிட்ட கையும் ஒன்றே. அவ்விரண்டையும் ஒரு நெஞ்சில் பொருத்திக் காட்டுவதே நாவலாசிரியனுக்கு அமைந்த அரிய வேலை. தொடர் அவ்வேலையைத் தொடவில்லை.

ஹதீஸ் கலை வல்லுநர் அலீ இப்னுல் மதீனி (ரஹ்) தம் தந்தையின் அறிவிப்பே பலவீனமானது என்று சபையறியச் சொன்னார். தந்தைமீது அவருக்கு அன்பில்லாமல் அன்று. உண்மை தந்தையினும் பெரிது என்பதால். அத்தகைய மரபில் வந்த நாம், ஒரு சுல்தானுக்காக அம்மரபைக் கைவிடலாமா? குறையற்ற திப்புவை நாம் உயர்த்திப் பிடிக்குந்தோறும், குறையே உருவான திப்புவை மற்றவர் உயர்த்திப் பிடிக்கின்றனர். இரண்டும் பதுமைகளே. இரண்டுக்கும் நடுவே, விளக்கொளியில் கனவு எழுதிக்கொண்டிருக்கும் மனிதரை எவரும் காண்பதில்லை.

வாளைப் பற்றிய கதை வந்துவிட்டது. அந்த ஏடுகளைப் படித்து எழுதப்படும் நாவல் இனித்தான் வர வேண்டும். அதற்கு மறுப்பு அறிவிப்பு எதுவும் தேவைப்படாது.