மகள்கள் பேரில் ஒரு மனை

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பெண் பிறந்தால் பெற்றவர்கள் நகைச் சீட்டு கட்டத் தொடங்குகிறார்கள். இலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் பெண் பிறந்த வீட்டில் செங்கல்லுக்கும் சீமெந்துக்கும் பணம் ஒதுக்கத் தொடங்குகிறார்கள். மகளுக்காக ஓடாய்த் தேய்வது இரண்டு ஊர்ப் பெற்றோருக்கும் பொது. அந்த உழைப்பு எந்தப் பொருளாக மாறுகிறது என்பதில்தான் வேறுபாடு. வீட்டுக்குள் அன்றாடம் அந்தப் பெண் எப்படி வளர்கிறாள், அவளிடம் என்ன பேசுகிறார்கள், அவள் எதைத் தன்னுடையது என்று நினைக்கிறாள் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டும் பெண். பெரியவள் நாலாம் வகுப்பு. சின்னவள் இந்த ஆண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள். ஒருத்திக்கு இரட்டைச் சடை பின்னி முடிப்பதற்குள் இன்னொருத்தி ஒரு காலுறையைக் காணோம் என்று நிற்பாள். பள்ளி வேன் ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒலி எழுப்பும்போது டிபன் பாக்ஸ் இன்னும் மூடியிருக்காது. இப்படித்தான் எல்லா வீட்டிலும் விடிகிறது. இந்தக் காலைக்குள் ஓயாமல் வந்து விழும் ஒரு பேச்சுதான் என்னை உறுத்துகிறது. பெரியவள் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் ஓடினால் மாமியார் சொல்வார், "அவள கொஞ்சம் வேல வாங்கு கண்ணு, நாளைக்கு வேற வீட்டுக்குப் போற புள்ள." அவர் பேத்திகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். கடிந்து அல்ல, அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் ஒன்பது வயதுப் பெண் நாளுக்கு நாலு தடவை இதைக் கேட்டால், தான் நிற்கிற தரை தன்னுடையது அல்ல என்று படித்துக்கொள்கிறாள். சின்னவள் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் பலர் கேட்டதும் ஒன்றே: "ரெண்டும் பொண்ணா? அப்ப நிலம்?"

அந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் வேர் உண்டு. பாரூர்ப் பெரிய ஏரி தென்பெண்ணைத் தண்ணீரில் சுமார் 2,400 ஏக்கருக்குப் பாய்கிறது. தண்ணீர் பாயும் நிலம் பங்காளிகளை விட்டு வெளியே போகக் கூடாது என்பது இங்கே எழுதாத விதி. மகள் வேறு ஊருக்குப் போவாள், நிலம் கூடவே போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் எங்கள் வட்டாரத்தில் எவ்வளவு கொடுமையாக வெளிப்பட்டது என்பதைக் கணக்கெடுப்பே காட்டியது. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அன்றைய தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிட வெகுவாகக் குறைவாக இருந்தார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. இலங்கைத் தமிழரிடையே பெண் சிசுவைக் கொல்லும் வழக்கம் இப்படி மாவட்டக் கணக்கில் தெரியுமளவு இருந்ததில்லை. காரணம் பல இருக்கலாம். மகள் பிறந்தால் சொத்து வெளியே போகிறது என்ற கணக்கு அங்கே கிழக்கிலும் வடக்கிலும் இப்படி அமையவில்லை என்பது அவற்றில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

கிழக்கிலங்கையைப் பாருங்கள். மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் குடி என்ற குலப் பிரிவு தாய்வழி வருகிறது. மகள் தாயின் குடியைச் சேர்ந்தவள். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். தமிழர் மட்டுமல்ல, அங்குள்ள முஸ்லிம்களும் இந்த வழக்கத்தையே பின்பற்றுகிறார்கள். மூத்த மகளுக்குப் பெற்றோர் தாங்கள் குடியிருக்கும் வீட்டையே சீதனமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கொஞ்ச காலம் எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள். பிறகு பெற்றோர் இளையவளையும் மற்றப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அதே வளவிலோ பக்கத்துக் காணியிலோ கட்டிய இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். அந்த வீடு இளையவளுக்கு. அங்கே மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்த பெற்றோர்தான் வீடு மாறுகிறார்கள். எங்கள் ஊரில் வாசற்படியில் நின்று அழுகிறவள் மகள். அங்கே அவள் வாசலில் நின்று மாப்பிள்ளையை வரவேற்கிறாள்.

இரண்டு மகள்களைப் பெற்றவளுக்கு இதில் நெஞ்சைத் தொடுவது ஒன்று உண்டு. அக்காவும் தங்கையும் ஆயுசு முழுக்க அடுத்தடுத்த வீட்டில் இருப்பார்கள். அக்காவின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சின்னம்மா வேலி தாண்டி வருவாள். புளி தீர்ந்தால் கிண்ணத்தோடு போய் வாங்கி வரலாம். இங்கே என் மகள்கள் இன்று ஒரே பாயில் கால் மேல் கால் போட்டுத் தூங்குகிறார்கள். வழக்கப்படி நடந்தால் ஒருத்தி திருப்பத்தூர்ப் பக்கமும் இன்னொருத்தி பெங்களூர்ப் பக்கமும் போய், பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் பார்த்துக்கொள்வார்கள். அதுவும் இரண்டு வீட்டு மாமியாரும் அனுப்பினால்தான். நாங்கள் பிள்ளைகளைப் பெரியப்பா, சித்தப்பா மக்களோடு வளர்க்கிறோம். அவர்கள் பெரியம்மா, சின்னம்மா மக்களோடு வளர்க்கிறார்கள். புதுப் பெண் அங்கே தன் அம்மாவின் அடுப்பிலேயே சமைக்கிறாள். முதல் பிரசவத்துக்கு வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டிய தேவையே இல்லை. அவள் அங்கேதான் இருக்கிறாள்.

வடக்கில் இதே எண்ணம் சட்டமாகவே எழுதப்பட்டது. 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்துத் தேசவழமையாகப் பதிந்தார். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். பழைய முறைப்படி தந்தை வழி வரும் பரம்பரைச் சொத்தான முதுசொம் மகன்களுக்கு, தாயின் சீதனம் மகள்களுக்கு. பரப்புக் கணக்கில் காணி, வீடு, கிணற்றில் பங்கு எல்லாம் சீதன உறுதியில், அதாவது பத்திரத்தில், ஏறும். அது மகள் பேரில் இருக்கும். கணவன் பேரில் அல்ல. இந்தியாவில் 1961 முதல் வரதட்சிணை குற்றம். ஆனாலும் இங்கே கொடுக்கிற நகையும் பைக்கும் ரொக்கமும் பெண்ணின் கையில் நிற்பதில்லை; மாமியார் பீரோவுக்கும் அடகுக் கடைக்கும் போகின்றன. யாழ்ப்பாணத்தில் சட்டப்படி கொடுக்கும் சீதனத்தில் வீடாவது அவளுக்கு மிஞ்சுகிறது. தேசவழமையை நான் போற்றிப் பாடவில்லை. மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்கிறது அது. சீதனம் பெற்றுப் போன மகளுக்குப் பெற்றோரின் மீதிச் சொத்தில் உரிமை கோர இடமில்லை என்றும் சொல்கிறது.

உழைப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பார்க்கும்போதுதான் இரண்டு நாட்டு வேறுபாடும் எனக்கு முழுதாகத் தெரிந்தது. கிழக்கிலும் வடக்கிலும் அண்ணன் தம்பிகள் சகோதரிகளுக்கு வீடு கட்டி முடிக்கும் வரை தாங்கள் கல்யாணம் செய்யாமல் காத்திருப்பது சாதாரணம். சம்பளம் கொழும்பிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்தாலும் அது தங்கச்சியின் சுவராக ஏறுகிறது. எங்கள் பக்கம் நேர்மாறு. போச்சம்பள்ளி சிப்காட்டில் வந்த ஓலா மின்ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவித்தார்கள். ஓசூர்ப் பக்கத்து டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குச் சாலையோரம் அடையாள அட்டையோடு நிற்கும் பெண்களை இந்த வட்டாரத்தில் எந்த ஊரிலும் பார்க்கலாம். அவர்கள் சம்பளத்தில் பல வீடுகளில் ஓடு இறங்கித் தளம் ஏறியிருக்கிறது. ஆனால் வீடு யாருக்கு? தம்பிக்கு. இருபது வயதில் ஷிப்டு பார்த்துத் தளம் போட்டவள் இருபத்து மூன்றில் ஒரு பெட்டியோடு இன்னொருவர் வீட்டுக்குப் போகிறாள். இதை அநியாயம் என்று எந்த வீட்டிலும் சொல்லக் கேட்டதில்லை. நான் சொல்கிறேன், இது அநியாயம்.

இலங்கை முறையின் சுமையையும் மறைக்கக் கூடாது. வீடு இல்லாத பெண்ணுக்கு வரன் அமைவது கடினம். ஏழைத் தாய்மார் மகளுக்கு ஒரு வீடு எழுப்புவதற்காகவே வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போய், அந்த மகளின் குழந்தைப் பருவத்தையே பார்க்காமல் திரும்புகிறார்கள். போரில் சீதன வீடுகள் தரைமட்டமாயின. 2004 டிசம்பர் 26 சுனாமி கிழக்குக் கரையில் இருந்த பெண்களின் வீடுகளைக் கொண்டுபோனது. அதன் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் பல, குடும்பத் தலைவர் என்று கணவன்மார் பேருக்கு எழுதப்பட்டன. காலங்காலமாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டத்தில் கைமாறியது. அரசுக் காணிகளிலும் 1935 காணி அபிவிருத்திச் சட்டத்தின் வாரிசுப் பட்டியல் பல பத்தாண்டுகள் மகனையே முன்னால் நிறுத்தியது.

இந்த ஒப்பீட்டுக்கு நான் கடல் தாண்ட வேண்டியிருக்கவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே ஊத்தங்கரைப் பாம்பாறு அணையிலும் ஓசூர்க் கெலவரப்பள்ளியிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. பாம்பாறு முகாமில் வளர்ந்த தோழி ஒருத்தி எனக்கு உண்டு. அவளுக்கும் இரண்டு பெண்கள். அவளுடைய அம்மா மன்னாரில் விட்டுவந்த வளவை இன்னும் எல்லை மரம் உட்படச் சொல்வார். அந்த வீடு அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தது. அம்மா இவளுக்குக் கொடுத்திருக்க வேண்டியது. முகாம் வீட்டை யாருக்கும் எழுத முடியாது. இலங்கைக் குடியுரிமை உள்ளவர் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் நிலம் வாங்கவும் முடியாது. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது நல்ல காரியம். அது கூரை தருகிறது, உறுதி தரவில்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்தே பழகிய குடும்பம், இங்கே எங்களைப் பார்த்து நகைச் சீட்டுக் கட்டப் பழகிவிட்டது. "கொண்டு ஓடலாம் எண்டா நகைதானே அக்கா," என்றாள் அவள். ஓடிப் பார்த்த குடும்பத்தின் நியாயம் அது.

எங்களுக்கு அந்த நியாயம் கிடையாது. ஓட வேண்டிய நிலையில் நாங்கள் இல்லை. சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. 2005இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இது பிறப்பாலேயே வரும் உரிமை, 2005இல் தந்தை உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்றது. ஆனாலும் பாகம் பிரிக்கும் நாளில் அக்கா தங்கைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்து, சேலை வாங்கிக் கொடுத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நிற்கவில்லை. போடாவிட்டால் தாய்வீட்டுப் படி ஏற முடியாது என்ற அச்சத்தில் போடுகிறார்கள்.

அரசுகூடத் தங்கத்திலிருந்து நகர்ந்துவிட்டது. தாலிக்கு முதலில் 4 கிராம், 2016 முதல் 8 கிராம் கொடுத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022இல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயாக மாறியது. ஆண் பிள்ளை இல்லாமல் இரண்டு பெண்களோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட ஏழைக் குடும்பத்தில், பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் ஒவ்வொரு மகள் பேரிலும் 25,000 ரூபாய் வைப்பு வைக்கிறது. அஞ்சலகத்தின் செல்வமகள் கணக்கும் பொதுவாக வீட்டுக்கு இரண்டு பெண்கள் வரைதான். இவை தேவை. ஆனால் பணம் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் நாளில் கரைந்துவிடும். திருவனந்தபுரத்தில் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடி பட்டிருந்தார்கள். இரண்டும் சொந்தமாக இருந்தவர்களில் 7 விழுக்காட்டினர். இதைப் படித்த பிறகு எனக்குச் சீட்டுக் கட்ட மனம் வரவில்லை.

சீட்டுக்குப் போயிருக்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து ஊருக்குள் இருக்கும் எங்கள் மனையை இரண்டாகப் பிரித்து மகள்கள் பேரில் தான செட்டில்மெண்ட் எழுதலாம் என்று வீட்டுக்காரரும் நானும் பேசி வருகிறோம். இருவரும் மைனர், நாங்கள் காப்பாளராக இருந்து, எங்கள் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு எழுத முடியும். மாமியார் முதலில் முகம் கொடுக்கவில்லை. இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: முன் மனை யாருக்கு? பெரியவளுக்குத்தான், இலங்கையில் அப்படித்தான் என்றேன். அப்படியானால் சின்னவள் ரோட்டுக்கு வர வழி? முகாம் தோழியிடம் கேட்டேன். அவர்கள் உறுதிகளில் வழி வாய்க்காலும் கிணற்றுப் பங்கும் தனியாக எழுதாமல் எதுவும் முடிவதில்லையாம். மேற்குப் பக்கம் எட்டடி விடலாம் என்கிறார் வீட்டுக்காரர். பத்தடி விட்டால்தான் பின்னால் ஒரு கார் போகும் என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறார். ஆழ்துளைக் கிணறு நடு எல்லையில் வருகிறது. இரண்டு பேருக்கும் பொது என்று எழுதச் சொல்லியிருக்கிறோம்.