கோடும் சில்லறையும்

800 கிராம் உருளைக்கிழங்கு, கிலோ 20 ரூபாய். 1.4 கிலோ வெங்காயம், கிலோ 15 ரூபாய். கையில் 200 ரூபாய் நோட்டு. மீதி எவ்வளவு?

கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளின் கணக்குத் திறனை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் இப்படித்தான் சோதித்தார்கள். ஏறக்குறைய எல்லாருமே தங்கள் வேலையில் வியாபாரக் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். வெறும் எண்களாகக் கொடுத்தால், அதைவிட எளிய கணக்கிலும் தடுமாறினார்கள். பக்கத்துப் பள்ளிகளின் 471 பிள்ளைகள் இதற்கு நேர்மாறு. சோதனையாகக் கொடுத்த ஒரு சந்தைக் கணக்கைச் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செய்துமுடிக்க, பள்ளிப் பிள்ளைகளில் 1 விழுக்காட்டினரே செய்தார்கள். 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் இதைப் படித்ததிலிருந்து, பள்ளியில் எண்களை ஒரு கோட்டில் வரிசையாகக் குறித்துக் காட்டும் எண்கோட்டின் நினைவுதான் எனக்கு.

எண்கோட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 98, 102 இரண்டில் எது பெரியது என்றால், 9-ஐப் பார்த்து 98 என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. கோட்டில் 100-ஐத் தாண்டி வலப்பக்கம் நிற்கும் 102-ஐக் காட்டினால் விளக்கமே வேண்டாம். ஏறுவரிசை, இறங்குவரிசை, முன்னி, தொடரி எல்லாம் ஒரே படத்தில் அடங்கிவிடும்.

சிக்கல் கோட்டிலுள்ள குறிகளை எண்ணும்போது வருகிறது. 3-லிருந்து 7-க்கு எத்தனை தாவல்? குழந்தை 3-இன் மேல் விரலை வைத்து “ஒண்ணு” என்று தொடங்கும், 5 என்று முடிக்கும். எண்ண வேண்டியது இடைவெளியை. அது எண்ணுவது குறிகளை. அதே குழந்தையைக் கொல்கத்தாவின் காளிகாட்டில் மெட்ரோ ஏற்றி, எஸ்பிளனேடுக்கு இன்னும் எத்தனை ஸ்டேஷன் என்று கேளுங்கள். ஏறிய இடத்தை விட்டுவிட்டு, ஜதின் தாஸ் பார்க்கிலிருந்து எண்ணி ஆறு என்று சொல்லும். ஆனால் பெட்டியில் ஒட்டியிருக்கும் அந்த வழிப்படம் வரிசையை மட்டுமே காட்டும், தொலைவைக் காட்டாது. எண்கோட்டையும் அப்படியே வெறும் வரிசையாகப் படித்துவிடும் ஆபத்து இருக்கிறது. 4,873-ஐயும் 4,837-ஐயும் ஒப்பிடவோ கோடே வேண்டாம், இடமதிப்பு போதும்.

என் குறை முக்கியமாகக் கோட்டின் மேல் அல்ல, அதை எல்லாக் குறிகளோடும் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடும் பழக்கத்தின் மேல்தான். கடையில் மீதி கொடுப்பதைக் கவனித்துப் பாருங்கள். 37 ரூபாய்க்கு 200 கொடுத்தால் பலரும் கழிப்பதில்லை. 3 ரூபாய் வைத்து “நாற்பது”, அறுபது வைத்து “நூறு”, இன்னொரு நூறு வைத்து “இருநூறு”. மூன்றே தாவல், 163. நெதர்லாந்துத் தொடக்கப் பள்ளிகளில் 1990-களில் பரவிய வெற்று எண்கோடும் இதுவேதான்: குறியில்லாத கோடு, வேண்டிய இடத்தில் பிள்ளையே எண்ணை இடும்.

சந்தைப் பிள்ளையிடம் இந்தத் தாவல் ஏற்கெனவே இருந்தால், அதைக் காகிதத்தில் வரையச் சொல்லித் தருவது பள்ளியின் வேலை. பள்ளிப் பிள்ளையிடம் கோடு இருக்கிறது. அதன் இரு முனைகளில் 37, 200 என்று மட்டும் எழுதி, நடுவில் எங்கே நின்று தாவுவது என்பதைப் பிள்ளையிடமே விட வேண்டும்.