பேரழிவைத் தடுக்கும் காலப்பயணத் தொடர்கள்: ஓர் ஒப்பீடு

நடந்து முடிந்த பேரழிவைத் தடுப்பதற்காக ஒருவர் கடந்த காலத்துக்குச் செல்வது, அல்லது அங்கிருப்பவருக்குச் செய்தி அனுப்புவது, தொலைக்காட்சித் தொடர்களில் அடிக்கடி வரும் கதைக்கரு. அமெரிக்கா, கனடா, தென் கொரியா, இந்தியா ஆகிய நாடுகளில் இத்தகைய தொடர்கள் வந்துள்ளன. மொழி வேறானாலும் இவற்றின் அமைப்பு பெரிதும் ஒத்திருக்கிறது. இக்கட்டுரை அந்த ஒப்புமைகளைத் தொகுத்துக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று, பேரழிவு எப்படி நேர்கிறது என்பது பற்றிய நம் புரிதலைத் தவறான பக்கம் திருப்புகிறது என்பதையும் விளக்குகிறது. சில கதைகளின் முடிவுகள் இதில் வெளிப்படும்.

பொதுக் கூறுகள்

முதலாவது, கால எல்லை. எந்தத் தொடரிலும் நாயகன் விரும்பியபடியெல்லாம் காலத்தில் உலவ முடியாது. அமெரிக்கத் தொடரான 'செவன் டேஸ்' (1998–2001) நாயகன் சரியாக ஏழு நாள் மட்டுமே பின்னோக்கிச் செல்வான். 'ஏர்லி எடிஷன்' (1996–2000) நாயகனுக்கு மறுநாளைய செய்தித்தாள் ஒரு நாள் முன்னதாக வாசலுக்கு வரும். அன்று பொழுது சாய்வதற்குள் விபத்தைத் தடுத்தாக வேண்டும். கொரியத் தொடரான 'சிக்னல்' (2016) ஒரு பழைய வாக்கி டாக்கியை மையமாகக் கொண்டது. இரவு 11:23 மணிக்குச் சிறிது நேரம் மட்டுமே அது இயங்கும். அத்தொடரைத் தழுவி இந்தியில் வந்த 'கியாரா கியாரா' (2024) அந்த நேரத்தை 11:11 என மாற்றிக்கொண்டது. விதி இறுகினால்தான் கதையில் பரபரப்பு பிறக்கும்.

இரண்டாவது, நம்ப மறுக்கும் உலகம். வரப்போவதை அறிந்தவன் அதை வெளியே சொன்னால் பைத்தியக்காரன் என்பார்கள். காவலர் அவனையே சந்தேகிப்பார்கள். ஆகவே அவன் தனித்துச் செயல்பட நேர்கிறது.

மூன்றாவது, விலை. ஒன்றைக் காப்பாற்றினால் வேறொன்று கைவிட்டுப் போகும். ஸ்டீபன் கிங் 2011இல் எழுதிய நாவலைத் தழுவிய '11.22.63' (2016) தொடரின் நாயகன் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் அதிபர் கென்னடியின் கொலையைத் தடுத்து விடுகிறார். ஆனால் திரும்பி வந்து பார்க்கும்போது உலகம் முன்னைவிடச் சீரழிந்து கிடக்கிறது. செய்த திருத்தத்தை அவரே அழிக்க வேண்டியதாகிறது.

நான்காவது, ஒற்றைக் காரணம். ஒரு குண்டு, ஒரு கொலையாளி, ஒரு கிருமிக் குப்பி. அந்த ஒன்றை அகற்றினால் பேரழிவு நிகழாது என்ற எண்ணமே பெரும்பாலான தொடர்களின் அடித்தளம்.

ஒற்றைக் காரணத்தின் குறைபாடு

முதல் மூன்று கூறுகளும் கதை சொல்லும் உத்திகள்; அவற்றில் குறை காண வேண்டியதில்லை. நான்காவது அப்படியன்று. அது உலகம் இயங்கும் முறை பற்றிய ஒரு கருத்து. அக்கருத்து பெரும்பாலும் தவறு.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் பட்டுத்தறி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். நெய்த துணியில் ஒரு சாண் பின்னால் பிழை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நெசவாளர் அந்த ஓர் இழையை மட்டும் உருவி எடுப்பதில்லை. கடைசியாக ஓட்டிய இழையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே பிழை வரை போகிறார். பிழை பாவிலேயே இருந்தால், ஊடையை எவ்வளவு பிரித்தாலும் பயனில்லை.

சிறந்த தொடர்கள் இதை உணர்ந்திருக்கின்றன. '12 மங்கீஸ்' (2015–2018) தொடரின் நாயகன், கொள்ளைநோய்க்குக் காரணமானவன் எனக் கருதப்பட்டவனைத் தொடக்கத்திலேயே கொன்றுவிடுகிறான். ஆனாலும் நோய் பரவியே தீரும் என்று தெரிகிறது. அதன் பின்னால் ஓர் அமைப்பே இருக்கிறது. கனடாவின் 'டிராவலர்ஸ்' (2016–2018) தொடரில், பூமியைத் தாக்கவிருந்த விண்கல்லைத் திசைதிருப்பிய பின்பும் எதிர்காலம் எதிர்பார்த்தபடி சீராகவில்லை. 'செவன் டேஸ்' போன்ற தொடர்களில் வாரம் ஒரு பேரழிவு வந்து, வாரத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. விறுவிறுப்பில் குறைவில்லை, ஆயினும் அந்த அழிவு ஏன் நேர்ந்தது என்று அத்தொடர் நின்று கேட்பது அரிது.

தமிழில்

தமிழில் இக்கதைக்கரு திரைப்படத்திலேயே சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது. ஆர். இரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015) தலைகீழான கதை: கால இயந்திரத்தைப் பிழைப்புக்காகப் பயன்படுத்தும் இரு நண்பர்கள், சாகவிருந்த ஒரு ரௌடியைத் தம்மை அறியாமலே பிழைக்க வைத்துவிடுகிறார்கள். வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) தொடர்களின் அமைப்புக்கு மிக நெருக்கமானது. ஒரே நாள் மீண்டும் மீண்டும் நிகழ, முதலமைச்சரின் கொலையை நாயகன் தடுக்க முயல்கிறான். கொலைப்பழியை ஒரு இசுலாமியர் மீது சுமத்திக் கலவரம் மூட்டுவதே சதிகாரர்களின் திட்டம். துப்பாக்கியை மட்டும் பிடுங்கினால் போதாது, பொய்யையும் முறியடிக்க வேண்டும் என்பதைப் படம் காட்டுகிறது. ஒற்றைக் காரணத்தை அது தாண்டும் இடம் இதுதான்.

'சிக்னல்' ஏன் உயர்ந்து நிற்கிறது?

கிம் உன் ஹீ எழுதிய 'சிக்னல்' தொடரில் யாரும் காலத்தில் பயணம் செய்வதில்லை. இரு காவலர்களின் குரல் மட்டுமே கடந்து செல்கிறது. நேற்று மாறியதும் இன்றைய வழக்குக் கோப்பின் எழுத்துகள் மாறுகின்றன. ஆனால் கொலைகள் துலங்காமல் போனதற்குக் கொலையாளியின் திறமை மட்டும் காரணமன்று. காவல்துறைக்குள்ளேயே உண்மையை மறைத்தவர்கள் இருந்தார்கள் என்பதே தொடரின் மையம்.

அத்தொடருக்குத் தூண்டுதலாக இருந்தவற்றுள் ஒன்று, 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர் கொலைகள். தொடர் ஒளிபரப்பாகி மூன்றாண்டுகள் கழித்து, 2019இல், பாதுகாக்கப்பட்டிருந்த தடயங்களின் மரபணுச் சோதனை உண்மைக் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது. அக்கொலைகளுள் ஒன்றுக்காக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையில் இருந்தவர் 2020இல் நிரபராதி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். உண்மையைக் காலம் கடத்திக் கொண்டுவந்தது மாய வாக்கி டாக்கி அன்று. யாரோ பொறுப்புடன் பாதுகாத்து வைத்த சான்றுப்பொருள். இழந்த இருபது ஆண்டுகளை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

மதிப்பீடு

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தனர். சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. காலப்பயணத் தொடர் ஒன்று இதைக் கதையாக்கினால், நாயகன் அன்று காலை வந்து அடுப்பை அணைப்பான். அன்று 94 பேரும் பிழைப்பார்கள். ஆனால் கூரை அப்படியே இருக்கும், வகுப்பறை நெரிசல் அப்படியே இருக்கும். கீற்று எளிதில் தீப்பற்றும் என்பதை அறிய எதிர்காலத்திலிருந்து யாரும் வரத் தேவையில்லை. விபத்துக்குப் பிறகே தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றும் நடவடிக்கை தீவிரமானது. அந்நாளில் பணியில் இருந்த ஆசிரியர்கள் எல்லோரும், இக்கட்டுரையாளர் உட்பட, தத்தம் பள்ளியின் கூரையை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தோம். அதற்கு முன்பும் அக்கூரைகள் அங்கேதான் இருந்தன.

இத்தொடர்களை மாணவர்கள் பார்க்கலாம், பார்த்து மகிழலாம். பார்க்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்திருப்பது நல்லது: நாயகன் அன்று தடுத்துவிட்டான், சரி, மறுநாள் அதே அழிவு மறுபடி நேராதிருக்க இக்கதையில் என்ன மாறியிருக்கிறது? இதற்கு விடை தரும் தொடர்கள் சிலவே. 'சிக்னல்' அவற்றுள் ஒன்று.