கூத்தின் புத்தாக்கமும் அண்ணாவியாரின் இடமும்

ஈழத்துத் தமிழ் நாடகத்திற் புத்தாக்கம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1962ஆம் ஆண்டு பேராதனையில் உருப்பெற்ற 'கர்ணன் போர்' கூத்திலிருந்தே தமது கதையைத் தொடங்குவர். அதனைத் தொடர்ந்து 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்', 'வாலிவதை' (1968) ஆகியவை மேடையேறின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேற்கொண்ட இப்பணியின் பெறுமதியை மறுப்பதற்கில்லை. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்து, ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்கும் மேடை நிகழ்வாயிற்று. கூறியது கூறும் பாடல்கள் குறைக்கப்பட்டன. ஆட்டம் பாத்திரத்தின் மெய்ப்பாட்டோடு இயைபுபடுத்தப்பட்டது. கூத்தினைப் பாமரர் பொழுதுபோக்கெனப் புறந்தள்ளியிருந்த நகர்ப்புறத்து மத்தியதர வர்க்கத்தினர் அதன் கலை வலுவை முதன்முறையாக உணர்ந்தனர்.

எனினும், இப்புத்தாக்கத்தின் ஊற்றுக்கண் எது என்ற வினாவிற்கு நமது விமர்சனம் தந்துள்ள விடை போதுமானதன்று. ஓர் அறிஞரின் கற்பனையாற்றலே யாவற்றையும் தோற்றுவித்தது என்ற தொனி பல கட்டுரைகளில் இழையோடுகின்றது. ஆக்கத்திறனைத் தனிமனித மேதைமையாகக் காண்பது முதலாளித்துவ அழகியலின் பழைய வழக்கம். நம்மிடையே மார்க்சியம் பேசுவோரும் அதிலிருந்து முற்றாக விடுபட்டாரில்லை. (இதனை எழுதுபவனும் அவர்களுள் ஒருவனே.)

1956ஆம் ஆண்டினை முதலில் நோக்குதல் வேண்டும். அவ்வாண்டிலேயே எதிரிவீர சரச்சந்திரரின் 'மனமே' மேடையேறியது. சுதேச மொழிகள் வழியே எழுச்சியுற்ற புதிய வர்க்கத்தினருக்குத் தமதெனக் கூறத்தக்க கலைவடிவம் ஒன்று தேவைப்பட்டது. சிங்கள நாடகம எனும் கிராமிய மரபிலிருந்து அது பெறப்பட்டது. அந்நாடகம தானும் தமிழ்க் கூத்தின் வழிவந்தது என்பது ஆய்வாளர் ஏற்றுக்கொண்ட உண்மையாகும். தமிழரிடையே கூத்தின் மீட்பு இந்தச் சூழலின் விளைவேயன்றி அதற்குப் புறம்பானதன்று.

இதனினும் முக்கியமானது, கூத்தினை ஆடுவதற்குப் பேராதனையில் மாணவர் இருந்தமை. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கிராமப்புறங்களில் எழுந்த மத்திய பாடசாலைகளும், பின்னர் தாய்மொழியிற் பல்கலைக்கழகம் புகும் வாய்ப்பும் இல்லாதிருந்தால், மட்டக்களப்புக் களரியின் தாளக்கட்டினை உடலிற் சுமந்த இளைஞர் அங்கு வந்திருக்க முடியாது. கர்ணனாக ஆடிய சி. மௌனகுரு வந்தாறுமூலை மத்திய பாடசாலை வழியே அங்கு வந்தவர். அம்மாணவருக்கு ஆட்டம் பயிற்றியவர் வந்தாறுமூலை அண்ணாவியார் செல்லையா. ஆங்கிலம் கற்ற உயர்குடியினரின் பேராதனை ஒருபோதும் இக்கூத்தினை ஆக்கியிராது.

அண்ணாவியாரின் இடம் யாது? வரலாற்றுக் குறிப்புகளில் அவர் 'பழக்கியவர்' என்று ஒரு வரியில் வந்து மறைகின்றார். 'தயாரிப்பு', 'நெறியாள்கை' என்ற சொற்கள் பல்கலைக்கழகத்தாருக்கு உரியனவாயின. ஆயின், கிராமத்திற் கூத்து உருவாகும் முறையை அறிந்தோர் இப்பகுப்பினை ஏற்கத் தயங்குவர். சட்டங்கொடுத்தலிலிருந்து அரங்கேற்றம் வரை பல மாதங்கள் செல்கின்றன. கிழமைக்கூத்திலே ஊரார் கூடியிருந்து பிழை சொல்வர். இன்னான் குரலுக்கு இவ்வேடம் பொருந்தாது என்பர். வரவு ஆட்டம் தளர்ந்தால் முதியவர் ஒருவர் எழுந்து ஆடிக்காட்டுவார். அண்ணாவியார் ஆளுக்கும் களரிக்கும் ஏற்பப் பாட்டை நீட்டுவார், குறுக்குவார். மாற்றம் அங்கு ஓயாது நிகழ்ந்தது. அதற்குப் 'புத்தாக்கம்' என்ற பெயர் மட்டுமே இருக்கவில்லை. பேராதனைக்கு வந்தது தூசு படிந்த ஒரு பழம்பொருள் அன்று, வயலிலும் கடலிலும் உழைத்தோர் தமது ஓய்வு மாதங்களிற் செப்பனிட்டு வந்த உயிருள்ள உற்பத்தி முறையொன்றாகும்.

இதனாற் பேராதனை முயற்சி வெறும் சுரண்டல் என்று கூறிவிடலாகாது. அத்தகைய எளிய தீர்ப்புகள் அண்மைக்காலத்தில் மலிந்துள்ளன. அம்முயற்சி இரு நிலைகளைக் கொண்டது. முதல் நிலையில் வடிவம் செம்மையுற்றது. உள்ளடக்கம் பெரிதும் புராண, இதிகாச உலகிலேயே நின்றது. 'இராவணேசன்' வீழ்ச்சியுறும் மாவீரனின் அகப்போராட்டத்தைச் சித்திரித்தபோது கூத்து புதிய உளவியல் ஆழத்தை எட்டியது. ஆயினும் அரசரின் துயரமே அங்கும் நம்முன் நின்றது.

இரண்டாம் நிலையின் உந்துவிசை பல்கலைக்கழகத்திற்கு வெளியே இருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் வெடித்த ஆலயப் பிரவேசப் போராட்டம் யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதிக் கட்டமைப்பினை அம்பலப்படுத்தியது. மௌனகுருவின் 'சங்காரம்' வடமோடி ஆட்டங்களைக் கொண்டே சாதி, இன, வர்க்க அரக்கரை அரங்கில் நிறுத்தியது. என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்து மெட்டுகளிற் பாடி ஆடினர். சாதிச் சடங்குகளோடு பிணைந்திருந்த மெட்டு, சாதிக்கெதிரான குரலாயிற்று. வீரனுக்குரிய வரவாட்டத்தை உழைப்பாளி ஆடியமை, படச்சட்ட மேடையின் ஒளியமைப்பினைக் காட்டிலும் பெரிய புதுமையென்பது எமது துணிபு. சங்காரத்தில் மனிதர் வகைமாதிரிகளாகச் சுருங்கிவிட்டனர் என்ற குறை உண்மையே. அக்குறையோடுதான் அது மதிக்கத்தக்கது.

எனினும், இந்த இரண்டாம் நிலையிலும் கூத்து கிராமத்திற்கு எந்த உருவில் திரும்பிச் சென்றது என்பது தீராத பிரச்சினையாகவே இருந்தது. நகரத்தில் திருத்தப்பட்ட வடிவம் ஊருக்குச் சென்றபோது, ஊரார் ஆக்குவோராக அன்றிப் பார்வையாளராகவே அமர்ந்தனர். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலியோர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இவ்விடத்திலேயே முக்கியத்துவம் பெறுகின்றது. வட்டக்களரி பேணப்பட்டது, பாட்டிலே பெண்களும் சாதிகளும் சித்திரிக்கப்படும் முறையினை ஆடுவோரே விவாதத்திற்கு எடுத்துக்கொண்டனர். அது மெதுவான முறை. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் சிதறுண்ட ஊர்களில் மாதக்கணக்கிற் கூடிப் பயில்வது எளிதன்று. தொழில் தேடி வெளிநாடு செல்லும் இளைஞர் கிழமைக்கூத்திற்கு வரமாட்டார். அண்ணாவியாருக்கு மரியாதை செய்து பொன்னாடை போர்த்தும் விழாக்கள் நடைபெறுகின்றன. அவரது களரிக்கு ஆள் சேர்ப்பதற்குரிய பொருளாதார நிலைமைகள் பற்றி அவ்விழா மேடைகளில் எவரும் பேசுவதாய் இல்லை.