நாயின் பெயரால்

தெருநாய்களைப் பற்றிய வங்காளிப் படம் ஒன்றைக் குறித்து என் அபிப்பிராயத்தை எழுதும்படி நண்பர்கள் இரண்டொருவர் கேட்டார்கள். ததாகத முகர்ஜி எழுதி இயக்கி, விக்ரம் சட்டர்ஜி கதாநாயகனாக நடித்து, 2024 பிப்ரவரியில் வெளியான படம். கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். தெருநாய்களை வதைப்பவர்களை ஒருவன் தேடிப்போய் அடித்து நொறுக்குகிறான். படத்தின் பெயர் 'பரையா'. அதோடு, ஒவ்வொரு தெருநாய்க்கும் ஒரு பெயர் உண்டு என்று ஆங்கிலத்தில் ஓர் உபதலைப்பு. பெயரைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். தமிழ் தெரிந்த எவனும் அதை வாசித்துவிட்டுச் சும்மா போய்விட முடியாது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். நம் சினிமாவில் நாய் நடிக்காமல் இல்லை. ராம நாராயணன் காலத்தில் நாயும் பாம்பும் குரங்கும் யானையும் கதாநாயகர்களைவிட அதிகமாகவே உழைத்தன. ஆனால் அவை வித்தை தெரிந்த பிராணிகள். யாருக்கும் சொந்தமில்லாத, ஒரு வித்தையும் தெரியாத, சொறிபிடித்த தெருநாயின் வலியை மட்டும் நம்பி ஒரு வியாபாரப் படத்தை எடுக்கலாம் என்று ஒருவர் துணிந்தது பெரிய காரியம்தான். வங்காளத்தில் இதற்கு இலக்கிய முன்னோடியும் உண்டு. நவாருண் பட்டாச்சார்யா 'லுப்தக்' என்று ஒரு சிறு நாவல் எழுதினார். லுப்தக் என்பது நாய் நட்சத்திரத்துக்கு வங்காளிகள் சொல்லும் பெயர். கல்கத்தாவை நாயில்லாத நகரமாக்க அதிகாரிகள் திட்டம் போடுகிறார்கள். நாய்கள் கூட்டங்கூட்டமாக நகரத்தை விட்டு வெளியேறுகின்றன. நாய்களுக்காகச் சண்டை போட்டு ஜெயிக்கிற கதாநாயகன் அந்த நாவலில் வரவில்லை. வந்திருந்தால் நாவல் கெட்டுப்போயிருக்கும்.

படத்தில் அவன் வந்துவிட்டான் என்பதுதான் எனக்குள்ள குறை. 2014ல் அமெரிக்காவில் 'ஜான் விக்' என்ற படம் வந்தது. செத்துப்போன மனைவி அனுப்பிவைத்த நாய்க்குட்டியைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒருவன் துப்பாக்கியை எடுக்கிறான். நாய்க்குட்டி ஆரம்பத்திலேயே போய்விடுகிறது. அப்புறம் விழுவதெல்லாம் மனிதர்கள். பாகம் பாகமாகப் படம் வளர்ந்துவிட்டது. அந்தக் குட்டிக்கு என்ன பெயர் என்று பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் சொல்கிறார்கள் பார்ப்போம். சண்டைக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, நாய் அகப்பட்டது.

எங்கள் சேலத்துக்காரர்களுக்குச் சண்டைப் படத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1935ல் டி. ஆர். சுந்தரம் ஆரம்பித்த மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் உட்கார்ந்துகொண்டு, மில்லில் நூல் நூற்கிற ஒழுங்கோடு படங்களைச் செய்து அனுப்பிற்று. ஜெய்சங்கர் நடித்த 'வல்லவன் ஒருவன்' 1966ல் அங்கிருந்து வந்ததுதான். இன்று அந்த இடத்துக்கு அடையாளமாக நுழைவாயில் வளைவு நிற்கிறது. அந்த ரகப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வில்லன் எப்போதும் கொட்டகைக்குள் உட்காராத ஆள். கள்ள நோட்டு அடிப்பான். பாதாள அறையில் சிவப்பு விளக்கடியில் இருப்பான். அவன் அடிபடும்போது தரை டிக்கெட்டிலிருந்து பால்கனிவரை எல்லோரும் கை தட்டலாம். யாருக்கும் உறுத்தாது. கள்ள நோட்டுக்கு இது சரி. நாய் விஷயத்துக்குச் சரிப்படுமா?

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில், ராசிபுரத்துப் பக்கமோ, இன்னும் மேற்கே திருச்செங்கோட்டுப் பக்கமோ, காட்டுக்குள் வீடு கட்டிக் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு நாய் இருக்கும். மணி என்றோ கருப்பன் என்றோ அதற்குப் பெயர் இருக்கும். பட்டியில் அடைத்த ஆட்டுக்கு அதுதான் காவல். மிச்சச் சோற்றில் மோரை ஊற்றி வைப்பார்கள். அதற்கு உடம்பு சரியில்லாவிட்டால் வீடே கவலைப்படும். அதே வீட்டில் நாய் பொட்டைக் குட்டிகளாக ஈன்றுவிட்டால், கண் திறப்பதற்குள் சாக்கில் கட்டி, ராத்திரியில் மொபெட்டில் வைத்து எடுத்துப்போய், சந்தை மேட்டிலோ கோழிப்பண்ணை ஓரத்திலோ அவிழ்த்துவிட்டு வருவார்கள். இவர்களைக் கொடியவர்கள் என்று யார் சொல்வது? நமக்குச் சொந்தக்காரர்கள். தேய்பிறை அஷ்டமி தவறாமல் அதியமான்கோட்டைக் காலபைரவர் சந்நிதிக்குப் போய்ச் சாம்பல் பூசணியில் விளக்கேற்றுகிறவர்கள். பைரவருக்கு வாகனம் நாய்தான். பெண் சிசுக்களைக் காப்பாற்ற அரசாங்கம் 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியது இந்தச் சேலத்தில்தான் என்பதை மறக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அப்படி விடப்பட்ட குட்டிகளில் சில லாரிச் சக்கரத்தில் போகும். பிழைத்தவை, பண்ணைக்காரர்கள் தூக்கி எறிகிற செத்த கோழியைத் தின்று வளர்ந்து கூட்டம் சேரும். ஒருநாள் இரவு அந்தக் கூட்டம் யாரோ ஒருவருடைய பட்டிக்குள் குதிக்கும். விடிந்து பார்த்தால் நாலைந்து செம்மறி குதறிக் கிடக்கும். மேச்சேரி ஆடு நாலு வளர்த்து, குட்டி விற்ற காசில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டுகிற ஒருத்திக்கு, அது கழுத்துச் சங்கிலியைத் திருட்டுக் கொடுத்த மாதிரி. காவிரிக்கு அக்கரையில் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் கடிபட்டுச் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு உட்கார்ந்து போராடினார்கள். அப்படி ஆட்டைப் பறிகொடுத்தவன் ஒருவன் கறித்துண்டில் விஷம் வைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நாய் துடித்துத்தான் சாகும்; அதில் சந்தேகமில்லை. வங்காளத்துக் கதாநாயகன் இவனைத் தேடிக்கொண்டு வருவானா? வந்து இவன் கையை முறித்தால் நாம் கை தட்டுவோமா? பழிவாங்கும் கதை இந்த வீட்டு வாசலுக்கு வரவே வராது. வந்தால் ஓங்கிய கை தாழ்ந்துவிடும்.

எங்கள் பக்கத்து எழுத்தாளர் பெருமாள்முருகன் 2016ல் 'பூனாச்சி' எழுதினார். நாயையும் பூனையையும் கவிதைக்கு விட்டுவிட்டுத் தாம் ஆட்டை எடுத்துக்கொண்டதாக அதன் முன்னுரையில் பாதி விளையாட்டாகச் சொல்கிறார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. ஆடு வெறும் சாகிற பிராணி. அதன்மேல் இரக்கப்படுவது சுலபம். நாய் சாகவும் சாகிறது, கொல்லவும் கொல்கிறது. அதைக் கதையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்வது கஷ்டம்.

பழிவாங்கும் ஆசை ஏன் எழுகிறது என்பது புரியாமலில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் 1950களின் தொடக்கத்தில் ராஜ்யசபையில் பிராணிவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பிரதமர் நேரு, அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று வாக்களித்தார். 1960ல் சட்டம் வந்தது. முதல் தடவை குற்றம் செய்பவனுக்கு அதில் எழுதிய அபராதம் ஐம்பது ரூபாய்வரை. அன்றைக்கு ஐம்பது ரூபாய் ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் நல்ல பங்கு. 2016ல் சென்னையில் மருத்துவ மாணவன் ஒருவன் நாயொன்றை மொட்டைமாடியிலிருந்து தூக்கி எறிந்தான். அதை இன்னொருவன் படம் பிடித்தான். அந்த நாய் எலும்பு முறிந்து பிழைத்தது. அப்போதும் அந்தச் சட்டத்தில் அதே ஐம்பது ரூபாய்தான். வேறு பிரிவுகளிலும் வழக்குப் போட்டார்கள் என்றாலும், ஐம்பது ரூபாய் என்று கேட்டவுடன் எந்தச் சாதுவுக்கும் ஒரு கணம் கை துறுதுறுக்கும். அந்தத் துறுதுறுப்பின் மேல்தான் இத்தகைய படங்கள் டிக்கெட் விற்கின்றன.

ஆனால் நாய்க்கு நன்மை செய்த காரியங்கள் எதுவும் சண்டைக் காட்சியாக எடுக்கத் தக்கவையல்ல. சென்னை நகரசபை நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லை, கருத்தடை செய்யுங்கள் என்று 1964லேயே புளூ கிராஸ் சொல்லத் தொடங்கிற்று. கொல்வது நின்றது 1996ல்தான். முப்பத்திரண்டு வருஷம் மனு எழுதிக்கொண்டிருந்ததை எந்த டைரக்டர் படமாக எடுப்பார்? 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் டில்லி நாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி, பதினோரு நாளில் அந்த உத்தரவை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநாயையும் மூர்க்கமான நாயையும் விடக் கூடாது என்றது. நாடு முழுவதும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திற்று. ஒரு கட்சிக்கு நாய் குழந்தை. இன்னொரு கட்சிக்கு நாய் எமன். இங்கே நாமக்கல்லில் 1985லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால், ஒரு பொட்டை நாய்க்கு அறுவை செய்து தையல் ஆறும்வரை வைத்திருந்து விடுவது எவ்வளவு நேரம் பிடிக்கிற, எவ்வளவு சுவாரசியமில்லாத வேலை என்று சொல்வார்கள்.

அப்படியானால் நாயை வதைப்பதைப் பற்றி நல்ல படமே எடுக்க முடியாதா? எடுத்திருக்கிறார்கள், தமிழில். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', 2018. படம் ஆரம்பித்துச் சற்று நேரத்துக்குள், வேட்டைக்குப் போய் வந்த பையன்கள் குளத்தில் நாய்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேல்சாதிக்காரர்கள் சிலர் வருகிறார்கள். வாய்த்தகராறு பெரிதாகவில்லை; பையன்கள் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். பிறகு பரியனுடைய கருப்பியை ரயில் தண்டவாளத்தில் கட்டிவிடுகிறார்கள். ரயில் வந்துவிடுகிறது. கட்டியவர்களின் முகத்தை டைரக்டர் நமக்கு வில்லன் முகமாகக் காட்டிப் பெரிதுபடுத்தவில்லை. நாயைச் சுமந்துவந்து மனுஷனுக்குச் செய்கிற மாதிரி மாலை போட்டு, ஒப்பாரி வைத்துப் புதைக்கிறார்கள். பையனை அடிக்க முடியாதபோது, அல்லது அடிக்க இன்னும் நேரம் வராதபோது, அவனுடைய நாயை அடிக்கிறார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. கடைசியில் பரியனையும் அதே மாதிரி ஒரு தண்டவாளத்தில் கிடத்துகிறார்கள். செத்துப்போன கருப்பி வந்து அவனை எழுப்புகிறது. எழுந்தவன் பழிதீர்க்கக் கொலை செய்யவில்லை. பெண்ணின் தகப்பனாரோடு பேசுகிறான். இரண்டு தேநீர்த் தம்ளர்களோடு படம் முடிகிறது.

அந்தப் பெண்ணின் தகப்பனார் நல்ல மனிதர். பயந்தவர். கொட்டகையில் நம் பக்கத்து நாற்காலியில் உட்காரக்கூடியவர். அதனால்தான் வீட்டுக்கு வந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. வங்காளிப் படத்தைப் பார்த்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

இனிப் பெயர் விஷயம். 'பரியேறும்' என்பதில் உள்ளது குதிரை. அதற்கும் 'பரையா'வுக்கும் சம்பந்தமில்லை. 'பரையா' என்பது நம்முடைய சொல். பறை என்னும் தோற்கருவியோடு சேர்த்துச் சொல்லப்படுகிற ஒரு சமூகத்தின் பெயரை ஐரோப்பியர்கள் எடுத்துக்கொண்டு போய், தள்ளிவைக்கப்பட்டவன் என்ற பொதுப்பொருளில் உலகம் முழுவதும் பரப்பினார்கள். இங்கிலீஷ்காரர்கள் அதோடு நிறுத்தாமல் தெருவில் திரிகிற நாய்க்கு அதை வைத்தார்கள். குப்பை கிளறுகிற பருந்துக்கும் வைத்தார்கள். மனிதர்களின் பெயரை இப்படி எடுத்துக்கொள்கிறோமே என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893ல் அதே பெயரைத் தலைப்பாக வைத்துப் பத்திரிகை நடத்தினார். அது தலைநிமிர்ந்து வைத்த பெயர். ததாகத முகர்ஜிக்கு வந்து சேர்ந்தது நாயைச் சுற்றிக்கொண்டு வந்த பெயர். கல்கத்தாவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது அகராதிச் சொல், அனுதாபத்தோடுதான் வைத்திருப்பார். நாய்ப்பிரியர்களில் பலர் இப்போது இந்தச் சொல்லை விட்டுவிட்டு 'இண்டி' என்று சொல்லப் பழகியிருக்கிறார்கள். ஒவ்வொரு தெருநாய்க்கும் ஒரு பெயர் உண்டென்று சொல்கிற படத்துக்கு அந்த யோசனை வந்திருக்கலாம்.

படத்தின் பெயரிலேயே முதற் பாகம் என்று போட்டிருப்பதால் இன்னும் வரும்போலத் தோன்றுகிறது. தமிழில் குரல் சேர்த்து வெளியிட யாராவது நினைத்தால், இந்தப் பெயரைத் தமிழ் எழுத்தில் அச்சடித்துச் சேலம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்ட முடியாது. வேறு பெயர் தேட வேண்டியிருக்கும். திருவண்ணாமலை ஜில்லா எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதையும், அதன் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார்கள். பெயர், கோவிவன்.