மூளைக் கட்டிக்குக் காந்தச் சூடு: இன்னும் வராத சான்று

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப், பி.பி. லஹிரி உள்ளிட்டோரின் குழு ஒரு திரவத்தைச் சூடாக்கி அளந்து பல ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டிருக்கிறது. கறுத்த அந்தத் திரவத்தில் நானோ அளவிலான இரும்பு ஆக்சைடு துகள்கள் மிதக்கின்றன. சிறு குப்பியில் ஊற்றிச் செப்புச் சுருளுக்கு நடுவே வைத்து, சுருளில் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைச் செலுத்தினால், தீயும் தொடுகையும் இல்லாமல் திரவம் சூடேறுகிறது. அந்த ஏற்றத்தை அகச்சிவப்புக் கேமரா விலகி நின்றே பதிவுசெய்கிறது. இந்தக் குழுவின் முடிவுகளில் ஒன்று மருத்துவர்கள் கவனிக்க வேண்டியது. துகள்களைத் திசுவை ஒத்த அகர் கூழில் உறையவைத்தால் சூடாகும் திறன் குறைகிறது. திரவத்தில் புரள முடிந்த துகள், கூழில் சிக்கி அசைய முடியாமல் போவதே காரணம். குப்பியில் கிடைத்த எண்ணை உடம்புக்குள்ளும் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது என்று நம் ஊர் ஆய்வகமே காட்டிவிட்டது. மூளைக் கட்டிக்கு இந்தச் சூட்டைச் சிகிச்சையாகத் தரும் முறையை எடைபோட இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அதன் இயற்பியல் உறுதியானது. சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளத் தேவையான சான்றுதான் இன்னும் வரவில்லை. சான்று வருவதற்கு முன்பே சந்தைக்கு வந்ததுதான் இந்த முறையின் ஆகப் பெரிய குறை என்பது என் கருத்து.

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும். கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயை மருந்தால் எட்டுவது கடினம். ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடுவதில்லை. இங்கே துகள்களை ஊசி வழியாகக் கட்டிக்குள்ளேயே நேரடியாகச் செலுத்துவதால் அந்தத் தடுப்பைக் கடக்கும் பிரச்சினையே எழுவதில்லை. காந்தப்புலத்துக்கு மண்டையோடு ஒரு தடையல்ல. கட்டி எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் புலம் போய்ச் சேரும், துகள் இருக்கும் இடம்தான் முக்கியமாகச் சூடாகும். சுமார் 43 டிகிரியைத் தாண்டிய சூட்டில் செல்லின் புரதங்கள் சிதைகின்றன, கதிர்வீச்சால் அறுபட்ட டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் வேலையும் தடைபடுகிறது. ஆக்சிஜன் குறைந்த செல்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாதவை. ஆனால் சூட்டுக்கு அவை பலவீனமானவை. கதிர்வீச்சு விட்டுவைப்பதைச் சூடு தொடும் என்ற இந்தப் பொருத்தம்தான் ஆராய்ச்சியாளர்களை இழுத்துவருகிறது. எண்ணமும் புதிதல்ல. 1957இலேயே அமெரிக்காவில் கில்கிறிஸ்ட் குழுவினர் நிணநீர் முடிச்சுகளில் இரும்பு ஆக்சைடைச் சேர்த்துக் காந்தப்புலத்தால் சூடாக்கிப் பார்த்தார்கள். அதை மனித மூளை வரை கொண்டுவந்தவர்கள் பெர்லினில் ஆண்ட்ரியாஸ் யோர்டானும் அவருடைய மாக்ஃபோர்ஸ் நிறுவனமும்.

இனி எண்களுக்கு வருவோம். 2007இல் வெளியான முதல் ஆய்வில் 14 நோயாளிகள். கட்டிக்குள் எட்டிய உச்ச வெப்பத்தின் இடைநிலை அளவு 44.6 டிகிரி. 2011இல் கிளாஸ் மாயர்-ஹவுஃப் குழுவினர் வெளியிட்ட பெரிய ஆய்வில் 66 பேர், அவர்களில் 59 பேருக்குக் கட்டி ஒருமுறை சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வந்திருந்தது. 100 கிலோஹெர்ட்ஸ் புலத்தில் ஒரு மணி நேர அமர்வு, வாரத்துக்கு இருமுறையாக ஆறு அமர்வு, கூடவே குறைந்த அளவு கதிர்வீச்சு. கட்டி திரும்பியதாகக் கண்டறிந்த நாளிலிருந்து இடைநிலை ஆயுள் 13.4 மாதம் என்று வந்தது. முந்தைய ஓர் ஆய்வின் நோயாளிகள் இதே நிலையில் வாழ்ந்த 6.2 மாதத்தோடு அதை ஒப்பிட்டார்கள். இருமடங்குக்கும் மேல்! படிக்கிற எவரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் எண். ஆனால் ஒப்பிடப்பட்ட இரு கூட்டமும் ஒரே ஆய்வில், ஒரே காலத்தில், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. கட்டி திரும்பிய பிறகும் மூளைக்குள் ஊசி ஏற்றும் நடைமுறையைத் தாங்கக்கூடியவர்களே இந்த ஆய்வில் சேர முடியும். அப்படிப்பட்டவர்கள் எந்தச் சிகிச்சையிலும் சற்று நீண்ட நாள் இருப்பார்கள். கூடுதல் ஏழு மாதத்தில் சூட்டின் பங்கு எவ்வளவு, இந்தத் தேர்வின் பங்கு எவ்வளவு, மறுமுறை தந்த கதிர்வீச்சின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வுக்கு வழியே இல்லை. ஐரோப்பிய அனுமதியோ 2010இலேயே கிடைத்துவிட்டது, அதுவும் மருந்து என்ற பெயரில் அல்ல, மருத்துவச் சாதனம் என்ற பெயரில். 2022இல் மாக்ஃபோர்ஸ் நிறுவனமே திவாலானது. அறுதியான சான்று அதுவரை வரவில்லை.

உடலுக்குள் நடந்ததையும் பார்க்க வேண்டும். இறந்த நோயாளிகள் சிலரின் மூளையைப் பிணக்கூராய்வில் ஆராய்ந்தபோது, செலுத்திய இடத்திலேயே துகள்கள் திரண்டு கிடந்தன. அவற்றைப் பெரும்பாலும் விழுங்கியிருந்தவை புற்றுசெல்கள் அல்ல, துப்புரவு வேலை செய்யும் மேக்ரோஃபேஜ் செல்கள். கிளையோபிளாஸ்டோமாவோ விரல் விரலாக நல்ல மூளைக்குள் ஊடுருவும் நோய், திரும்பி வரும்போதும் பெரும்பாலும் பழைய எல்லையின் ஓரத்திலிருந்தே வரும். துகள் போகாத அந்த ஓரத்துக்குச் சூடும் முழுமையாகப் போகாது, போகிற கொஞ்சத்தையும் ரத்த ஓட்டம் அள்ளிச் சென்றுவிடும். கட்டிக்குள் செருகிய குழாய் வழியே ஓரிரு புள்ளிகளில்தான் வெப்பத்தை நேரடியாக அளக்க முடிகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மூளைக் கட்டியின் சூட்டுக்குப் பொருந்தாது. அடுத்த விலை இன்னும் கனமானது. துகள் உள்ளே இருக்கும்வரை அந்தப் பகுதியை எம்.ஆர்.ஐ.யில் தெளிவாகப் பார்க்க முடியாது. இந்த நோயைத் தொடர்ந்து கண்காணிக்க மருத்துவர்கள் முதலில் நம்புவது அந்தக் கருவியைத்தான். காந்தப்புலத்துக்கு ஆட்படும் முன் பல்லில் அடைத்த உலோகத்தைக்கூட எடுத்துவிட வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், கட்டியை அகற்றிய குழியில் துகள்களைப் பூசி ஆறு பேருக்குச் சூடு தந்தார்கள். இருவருக்கு 23 மாதத்துக்கும் மேலாகப் பலன் நீடித்தது, துகளைச் சுற்றி நோய் எதிர்ப்பு செல்களும் திரண்டன. உண்மையான நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இரண்டு முதல் ஐந்து மாதம் கழித்துத் துகளைச் சுற்றி மூளை வீங்கியது. நால்வருக்கு மறுபடி அறுவை செய்து துகள்களை வெளியே எடுக்க நேர்ந்தது.

இந்த வீக்கத்தை ஒரு மலையூரிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இருக்கிறது பர்லியார். மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய் விளையும் அரசு பழப்பண்ணை ஊர். அங்குள்ள தினக்கூலித் தொழிலாளிக்கு இந்த நோய் வந்தால் வழக்கமான கதிர்வீச்சே வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம். கோவையில் அறை எடுத்துத் தங்க வேண்டும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அதோடு ஒப்பிட்டால் ஆறு சூட்டு அமர்வு பெரிய சுமையல்ல. சுமை பிறகு வருகிறது. சிகிச்சை முடித்து வீடு திரும்பிச் சில மாதம் கழித்துத் தலைவலி, வாந்தி, வலிப்பு என்று வீக்கம் தலைகாட்டும்போது, சில மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு ஏற்றி, தேவையானால் அறுவைக்கு எடுக்கும் இடத்தை அடைந்தாக வேண்டும். அந்த நேரம் வடகிழக்குப் பருவமழைக்காலமாக இருந்து, மண்சரிந்து சாலை மூடிக்கிடந்தால்? இடைநிலை ஆயுளின் மாதக் கணக்கில் இந்தக் கேள்வி இடம்பெறுவதில்லை. நம் நாட்டில் ஒரு முறையின் குறைநிறையை அளக்கும்போது இடம்பெற்றே ஆக வேண்டும்.

சில மாதமே மீதமிருக்கும் மனிதரிடம் சான்று வரட்டும் என்று சொல்வது இரக்கமில்லாத பேச்சு என்பார்கள். அந்த வேதனையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தச் சில மாதத்தில் ஒரு பகுதியைத் துளையிடும் நடைமுறைக்கும் வீக்கத்துக்கும் மறு அறுவைக்கும் கொடுக்கச் சொல்கிறோம் என்றால், பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்து கேட்பதுதான் இரக்கம். இத்தகைய நோய்க்குக் குலுக்கல் ஆய்வு நடைமுறைக்கு ஒவ்வாது என்பது இன்னொரு வாதம். அதற்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. தலையில் ஒட்டும் பட்டைகள் வழியே மின்புலம் தரும் முறையும் முதலில் சந்தேகத்தோடுதான் பார்க்கப்பட்டது. அதை 695 பேரிடம் குலுக்கல் முறையில் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள்: மின்புலம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 20.9 மாதம், பெறாதவர்களுடையது 16.0 மாதம். அந்தச் சாதனத்தின் விலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். பலனைப் பற்றிப் பேச இரு தரப்புக்கும் ஒரே எண் கையில் இருக்கிறது. காந்தச் சூட்டுக்கு அது இல்லை.

தமிழ்நாட்டில் செய்ய வேண்டியது இதிலிருந்தே வருகிறது. இன்னும் அதிகம் சூடாகும் துகளைத் தேடுவதைவிட, அசையாமல் சிக்கிய துகளிலிருந்து எவ்வளவு சூடு கிடைக்கும், ஓரம் வரை அது எப்படிப் பரவும், முடிந்த பிறகு துகளை எப்படி அகற்றுவது, எம்.ஆர்.ஐ.யைக் காப்பாற்ற வழி உண்டா என்ற கேள்விகளுக்குக் கல்பாக்கம் போன்ற ஆய்வகங்களின் உழைப்பு போக வேண்டும். அடையாறு புற்றுநோய் மையமும் வேலூர் சி.எம்.சி.யும் மூளை அறுவை நிபுணர்களையும் சேர்த்துக்கொண்டு அந்த ஆய்வகங்களுடன் ஒரே மேசையில் உட்கார வேண்டும். போதுமான முன்சான்று கிடைத்து மனிதர்களிடம் சோதிக்கும் நிலை வந்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவுசெய்து, குலுக்கல் முறையில், நோயாளியிடம் காசு வாங்காமல், மலைக்கிராமத்துக்காரருக்கான போக்குவரத்தையும் தங்குமிடத்தையும் ஆய்வுச் செலவிலேயே சேர்த்து நடத்த வேண்டும். அந்த ஆய்வுக்கு வெளியே, கட்டணம் பெற்றுக்கொண்டு இந்தச் சிகிச்சையைத் தமிழ்நாட்டின் எந்த மருத்துவமனையும் இப்போது தரக் கூடாது.