ஒன்றரை ரூபாய்ப் பாரதி

முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்நோக்கி ஒரகடம் கூட்டுரோட்டில் நிற்கும் இளைஞர்களுள் எவரேனும் மலிவுப் பதிப்பொன்றைப் பிரித்து அதில் லயித்திருக்கக் காணுந்தோறும், இராயவரத்தில் 1912இல் பிறந்து, 1939இல் ‘சக்தி’ பத்திரிகையைத் தொடங்கி, நல்ல நூல்களைச் சாமானியர் கையில் சேர்ப்பதையே ஜீவிய விரதமாகக் கொண்ட பிரசுரகர்த்தர் வை. கோவிந்தனை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தில் ஆலன் லேன் 1935இல் ஆறு பென்ஸ் விலையில் பெங்குவின் நூல்களை வெளியிட்டு நிகழ்த்திய அற்புதத்துக்கு நிகராக, பாரதியின் படைப்புகள் பொதுவுடைமையான பின், 1957இல் பாரதியின் கவிதைகள் முழுவதையும் ஒன்றரை ரூபாய்க்குக் கோவிந்தன் வழங்கினார். பிரதிகள் பெருகப் பெருக அடக்கவிலை குறையும் என்பது வியாபார சூத்திரம். அந்தச் சூத்திரத்தைத் தர்மமாக்கிய சிரத்தையே அவருடைய கலை. உழைப்பவன் தன் கூலியில் வாங்கி, தன் பையில் வைத்துக்கொள்ளக்கூடிய புத்தகமே பூரணமாகப் பிரசுரமான புத்தகம்.